மார்கரெட் கிண்டிய களி

"லண்டன்ல வெள்ளைக்காரப் புள்ளைகளுக்கு இவ களி கிண்டக் கத்துக் குடுத்தாளாம்! யாரு கண்டா? அதுல ஒரு புள்ளைதான் இப்ப வந்திருக்குல்ல, அதையே தனியாக் கிண்டச் சொல்லுங்க. வண்டவாளம் தெரிஞ்சு போகும்."

மாமியார் சின்னக்கண்ணு இப்படிச் சொன்னதும் லூர்தம்மாளுக்குப் பகீரென்றது.

சொன்னது யாரிடம்? பெண்கள் பள்ளித் தலைமை ஆசிரியையிடம்!

அந்தப் பள்ளியில் சமையல்கலை டீச்சர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். லண்டனில் ஒரு வருஷம் படித்துவிட்டு வந்த லூர்தம்மாள் மனுப் போட்டிருந்தாள். ஆஸ்டலில் கூட இருந்த மாணவிகளுக்கு நம்மூர்க் களி கிண்டக் கற்றுக் கொடுத்ததைப் பெருமையாகச் சொல்லியும் வைத்திருந்தாள்.

அந்த மாணவிகளில் ஒருத்தி மார்கரெட். கொடைக்கானல் போகிற வழியில் கொடைரோடில் இறங்கி, சிநேகிதியைப் பார்க்கத் திண்டுக்கல் வந்திருந்தாள். கேள்விப்பட்டதும் தலைமை ஆசிரியையும் வந்து உட்கார்ந்துவிட்டார்.

"நானும் அதுக்குத்தான் வந்தேன்" என்றார் அவர். "கத்துக்கிட்டவங்க கையைப் பார்த்தா கத்துக் குடுத்தவங்களைத் தெரிஞ்சுக்கலாம்."

"நானும் கூட நின்னு..." என்று எழுந்தாள் லூர்தம்மாள்.

"நீ எதுக்கு?" என்று அதட்டினாள் சின்னக்கண்ணு. "அடுப்படிப் பக்கமே வரக்கூடாது. டீச்சரம்மா கண்ணு முன்னால இங்கனயே உக்காரு."

லூர்தம்மாள் மறுபடி உட்கார்ந்தாள். லண்டனில் கேப்பை மாவுக்கு எங்கே போவது? கோதுமை மாவில்தான் சொல்லிக் கொடுத்தாள். அதுவும் காஸ் அடுப்பில். மார்கரெட் விறகு அடுப்பைத் தொட்டதுகூட இல்லையே!

"உன்னைய வேலைக்கு அனுப்பக்கூடாதுன்னு எங்கம்மா கங்கணம் கட்டிக்கிட்டு நிக்குது" என்று காதோரம் முணுமுணுத்தான் கணவன் மரியசெல்வம்.

அது தெருவுக்கே தெரிந்த விஷயம். 'சீமைக்குப் போனவ' என்று மருமகளைக் குழாயடியில் சின்னக்கண்ணு கரித்துக் கொட்டாத நாளில்லை.

அடுப்படியிலிருந்து புகை சுருண்டு வந்தது. கூடவே மார்கரெட்டின் இருமல்.

"அதுக்கு விறகு தள்ளத் தெரியல. தீயைப் பார்த்துட்டு வாரேன்" என்று உள்ளே போன சின்னக்கண்ணு கதவைச் சாத்திக்கொண்டாள்.

கால் மணி நேரம்தான். லூர்தம்மாளுக்கு யுகமாக இருந்தது. உள்ளே ஏதோ பாத்திரம் உருண்டது. தலைமை ஆசிரியை கடிகாரத்தைப் பார்த்தார். வேலை போனது போனதுதான் என்று லூர்தம்மாள் முடிவே கட்டிவிட்டாள்.

கதவு திறந்தது. மார்கரெட் தட்டோடு வந்தாள். மினுமினுவென்று களி உருண்டை, பக்கத்தில் கருவாட்டுக் குழம்பு.

தலைமை ஆசிரியை கிள்ளி எடுத்துக் குழம்பில் புரட்டி வாயில் போட்டார். இன்னொரு வாய். அப்புறம் இன்னொரு வாய்.

"ஒரு கட்டிகூட இல்லையே! லூர்து, திங்கட்கிழமை வந்து வேலையில சேர்ந்துக்கம்மா."

"ம்க்கும்!" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள் சின்னக்கண்ணு.

தலைமை ஆசிரியை போனதும் லூர்தம்மாள் சிநேகிதியைக் கட்டிக்கொண்டாள். "கேப்பை மாவுல இப்படிக் கிண்ட எப்படி முடிஞ்சது?" என்று இங்கிலீஷில் கேட்டாள்.

மார்கரெட் சிரித்தாள். "நானா? நான் கிண்டியது கட்டி கட்டியாகிவிட்டது. உன் மாமியார் அதை மாட்டுத் தொட்டியில் கொட்டினார். மூச்சு விடாதே என்று சைகை காட்டி என் வாயைப் பொத்திவிட்டு, அவரே புதிதாகக் கிண்டினார்."

லூர்தம்மாள் திகைத்துப் போனாள். அடுப்படிக்கு ஓடினாள்.

"அத்தே, நீங்களா கிண்டுனீங்க? பெறகு எதுக்கு டீச்சரம்மா முன்னால என்னைய அப்படிப் பேசுனீங்க?"

சின்னக்கண்ணு சட்டியைக் கழுவியபடியே சொன்னாள்:

"அந்தம்மா சோதிக்கணும்னே வந்திருக்கு. உன்னைய உள்ள விடுமா? நான்னா விடும். நான் உனக்கு ஒத்தாசை பண்ணுவேன்னு இந்த ஊர்ல எவளாச்சும் நம்புவாளாத்தா?"