அதே நீலம், அதே கீறல்

"ஹில்டேவுக்கு மட்டும் இது தெரிஞ்சுதுன்னா, பதினெட்டு வருஷக் கல்யாணம் அன்னிக்கோட சரி" என்று சொல்லி, கடைப் பின்னறையின் திரையை இழுத்து மூடினான் யோரிஸ்.

"இங்க வர்ற எல்லாரும் இதத்தான் சொல்றாங்க" என்றான் கடைக்காரன் வானஸ், கையை எண்ணெய்த் துணியில் துடைத்தபடி. "நான் யார்கிட்டயும் வாயத் திறந்ததில்ல. சொல்லு, எப்படி இருக்கணும்?"

"பார்க்கப் பழசு மாதிரியே இருக்கணும். ஆனா மேட்டுல ஏறணும்."

பேச்சு ஒரு புது சைக்கிளைப் பற்றித்தான். கல்யாணத்தின்போது யோரிஸும் ஹில்டேவும் ஜோடியாக வாங்கிய இரண்டு நீலப் பந்தய சைக்கிள்கள் இன்றும் அவர்கள் வீட்டு நடையில் அடுத்தடுத்த கொக்கிகளில் தொங்குகின்றன. "இது ரெண்டும் துருப்பிடிச்சு உதிர்ற வரைக்கும் வேற சைக்கிள் கிடையாது" என்று அன்றைக்குச் சத்தியம் வாங்கியவளே ஹில்டேதான். தேனிலவில் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து விழுந்ததில், இரண்டின் மேல் குழாயிலும் ஆளுக்கொரு கீறல். அந்தக் கீறல்களைத் தடவிப் பார்க்காமல் அவள் எந்த ஞாயிற்றுக்கிழமையும் கிளம்புவதில்லை.

வினை அந்த ஞாயிற்றுக்கிழமைகளில்தான் வந்தது. ஹெராட்ஸ்பெர்கன் ஊரின் கல் பாவிய மேட்டில் முன்பெல்லாம் இருவரும் சேர்ந்தே ஏறுவார்கள். நாலைந்து வருஷமாக ஹில்டே ஆடு மாதிரி ஏறிப் போய்விடுகிறாள். இவன் நாக்குத் தள்ள உச்சிக்கு வந்து சேர்வதற்குள் அவள் காப்பியைக் குடித்து முடித்து, இவனுக்கு வாங்கி வைத்த மத்தன்டார்ட் இனிப்பிலும் பாதியைத் தின்றிருப்பாள்.

"வயசாகுதுல்ல, பரவால்ல" என்று முதுகில் வேறு தட்டிக்கொடுப்பாள். அந்தத் தட்டைத்தான் யோரிஸால் தாங்க முடியவில்லை.

வானஸ் அலமாரியைத் திறந்தான். "முதல்ல பிரேக். பேசாம டிஸ்க் பிரேக் போட்டுக்கோ. நனைஞ்ச கல்லுலகூட ரெண்டு விரல் வெச்சா நிக்கும்."

யோரிஸ் அதைப் பச்சைக் குழந்தையைத் தொடுவது போலத் தொட்டான். மனசு கிடந்து அடித்துக்கொண்டது. "வேணாம்பா. சக்கரத்து நடுவுல தட்டு தெரிஞ்சா வாசல்லயே கண்டுபிடிச்சிடுவா. பழைய மாதிரி விளிம்பைக் கவ்வுற பிரேக்கே குடு. அதுவும் வெள்ளி நிறத்துல."

"சரி, எலக்ட்ரானிக் கியர்? பட்டனைத் தொட்டாப் போதும், மாறிடும்."

"மாறும்போது விர்ருன்னு சத்தம் வருமே! அவளுக்குப் பாம்புச் செவி."

"அப்போ கேபிள் கியர்தான். பின்சக்கரத்துல மட்டும் முப்பத்திநாலு பல்லுள்ள பெரிய வளையம் போடறேன். உன்னோடதுல இருபத்தஞ்சுதான். செயின் அதுல விழுந்துட்டா மேடே தெரியாது. யாரு குனிஞ்சு பல்லை எண்ணப்போறா?"

"எண்ணமாட்டா" என்றான் யோரிஸ், தனக்கே தைரியம் சொல்லிக்கொள்வது போல.

நிறம் பொருந்த வேண்டுமே என்று, பழைய சைக்கிளில் சுரண்டிய பெயின்ட் செதிலை ஒரு காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்திருந்தான். வானஸ் அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. கீழ்த்தட்டிலிருந்து பாதி காலியான ஒரு டப்பாவை எடுத்து மூடியைத் திறந்தான். அச்சு அசல் அதே நீலம்.

"கைகாரன்யா நீ!" என்று பூரித்துப்போனான் யோரிஸ். "கீறலையும் மறந்துடாத."

அடுத்த மாதம் ஒரு வியாழக்கிழமை, ஹில்டே வேலைக்குப் போயிருந்த நேரத்தில் பழசை இறக்கிவிட்டுப் புதுசைக் கொக்கியில் மாட்டினான். பழைய சீட்டு, பழைய தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் கழற்றிப் புதுசில் பொருத்தினான். பெற்றவன் வந்தாலும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது.

ஞாயிறு காலை ஹில்டே வழக்கம்போல இரண்டு கீறல்களையும் தடவினாள். அவனுடையதில் மட்டும் விரல் ஒரு நொடி கூடுதலாக நின்றது. பிறகு ஏறி மிதித்தாள். யோரிஸுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மேட்டில் கால்கள் தாமாகச் சுற்றின. பாதி வழியிலேயே அவள் பின்சக்கரத்தை எட்டிப் பிடித்துவிட்டான். உச்சியில் இருக்கும் சிற்றாலயத்து வாசலில் இருவரும் ஒன்றாகப் போய் இறங்கினார்கள்.

எத்தனையோ நாளைக்குப் பிறகு ஒரு முழு மத்தன்டார்ட் அவன் கையில் இருந்தது. ஆனால் ஒரு வாய்கூடக் கடிக்காமல் அதைத் தட்டிலேயே வைத்தான். எதிரே ஹில்டே அவ்வளவு சந்தோஷமாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். இவளையா ஏமாற்றினோம் என்று நெஞ்சை அறுத்தது.

"ஹில்டே, ஒண்ணு சொல்லணும். இது நம்ம சைக்கிள் இல்ல. புதுசு. சத்தியத்தை மீறிட்டேன்."

அவள் சிரிப்பு நின்றது. எழுந்து போய் அவனுடைய சைக்கிள் அருகில் குனிந்தாள். பெரிய வளையத்தின் பற்களை விரலால் ஒவ்வொன்றாக எண்ணினாள். பிறகு மேல் குழாயைத் தடவினாள். யோரிஸ் கண்களை இறுக மூடிக்கொண்டான்.

"இந்த வானஸ் உன் கீறலை ரெண்டு விரக்கடை முன்னால போட்டுட்டான் பாரு" என்றாள் எரிச்சலோடு. "எனக்கு மூணு தடவையும் சரியாத்தானே போட்டுக் குடுத்தான்!"