மூன்று கறுப்புக் கோடுகள்

ஆய்வுக்கூடத்தின் இருட்டறையிலிருந்து ஈரம் சொட்டச் சொட்ட எக்ஸ்ரே ஃபிலிமைக் கொண்டுவந்து ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடிக்கிறாள் மரிய அனிதா. காரைக்குடியின் பதினொரு மணி வெயில் அதனூடாக அவள் முகத்தில் சாம்பல் நிறமாக விழுகிறது. ஆறு எலிகளின் விழித்திரைகளிலிருந்து பிரித்தெடுத்த மரபணுத் தடயம் மேல்வரிசையில் எலிக்கு ஒன்றாக ஆறு கோடுகளாகப் படிந்திருக்கிறது. மூன்று எலிகளின் கண்ணில் அவள் இரண்டு வருடமாகச் சோதிக்கும் புது மருந்து, மற்ற மூன்றில் வெறும் உப்புநீர். விழித்திரையைக் காக்கும் மரபணு மருந்தால் வேலைசெய்யத் தொடங்கினால் கோடு கறுக்கும். எந்த எலிக்கு எது என்பது அவளுக்குத் தெரியாது. எலிகளுக்குச் சொட்டு விட்ட உதவியாளர் சௌபர்ணிகா அதை எழுதி ஒட்டிய உறை மேஜைமேல் இருக்கிறது. சென்னையில் நடந்த ஆய்வாளர் கூட்டத்தில் ஒருவர், "ஆசைப்பட்டுப் பார்த்தா வெளுப்பும் கருப்பாத்தான் தெரியும்மா" என்று சிரித்த பிறகு அனிதாவே செய்த ஏற்பாடு இது.

"எதெது கருப்புன்னு சொல்லுங்கக்கா," என்கிறாள் சௌபர்ணிகா. அனிதா அவசரப்படவில்லை. எந்த மருந்துக்கும் மாறாத மரபணுவின் கீழ்வரிசையை முதலில் பார்க்கிறாள். ஆறும் ஒரே அளவு; சோதனையில் பிசகில்லை. பிறகு கண்ணை மேலே உயர்த்துகிறாள். "ஒண்ணு. நாலு. ஆறு." உறை கிழிகிறது. மின்விசிறிக் காற்றில் தாள் படபடக்கிறது. "மருந்து விட்டதும் அந்த மூணுக்குத்தான். சரியாச் சொல்லியிருக்கீக அக்கா." சௌபர்ணிகா தாளை அனிதாவிடம் நீட்டுகிறாள். அனிதா முந்தானையால் ஃபிலிமின் ஓரத்தைத் துடைத்து, 1996 ஜூலைத் தேதியை எழுதுகிறாள். அடியில் இருவர் பெயரையும் எழுதுகிறாள். அதற்கும் கீழே, அடுத்த சென்னைக் கூட்டத்தில் தூரத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் தெரிகிற அளவில், காரைக்குடி என்று எழுதுகிறாள்.