நெருப்பா, தண்ணீரா?

துணிக்கட்டுகளைக் கெடுத்தது நெருப்பா, தண்ணீரா? தையற்கடைக்கார அம்மாவுக்குப் புரியவில்லை. வழியில் தீப்பிடித்த கப்பலிலிருந்து இறக்கிய அவருடைய கட்டுகள், துறைமுகக் கிடங்கில் கரியேறிக் கிடந்தன.

“நெருப்புல போனா அது உங்க தலையெழுத்து. தீயை அணைக்கக் கப்பல்ல ஊத்தின தண்ணியில போயிருந்தா, கப்பல்காரரும் சரக்கு தப்பிச்சவங்களும் சேர்ந்து நஷ்டத்தைப் பங்கு போட்டுக்கணும். எதுல போச்சுன்னு காட்டுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார், சேதத்தை மதிப்பிட வந்த சர்வேயர்.

இந்தத் துணி போனால் கடையைப் பூட்ட வேண்டியதுதான்.

“கட்டைப் பிரிச்சுப் பாத்தீங்களாம்மா?” என்றார் அருகில் நின்ற, மூக்குக்கண்ணாடி போட்ட ஒருவர்.

“எதுக்கு சார், கரியை எண்ணவா? நீங்களும் கப்பல் கம்பெனி ஆளுதானே?”

“முதல்ல பிரிங்க, அப்புறம் திட்டுங்க.” கத்தியை நீட்டினார்.

அந்த அம்மா கயிற்றை அறுத்தார். உள்ளே எதுவும் கருகவில்லை. சிவப்புத் துணியின் சாயம் கரைந்து, வெள்ளைத் துணியிலெல்லாம் திட்டுத்திட்டாக ஒட்டியிருந்தது.

“நெருப்புல துணி கருகும், சாயம் கரையாது. இது தண்ணி சார், தண்ணியேதான்!”

திரும்பி வந்த சர்வேயர், பிரிக்கச் சொன்னது யார் என்று கேட்டுக்கொண்டு, துணியைத் தடவிப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு கண்ணாடிக்காரர் பக்கம் திரும்பினார்.

“சார், தப்பிச்சதுல பெரிய சரக்கு உங்களோடது. இதுக்கு அதிகப் பங்கு நீங்கதான் தரணும். இது தெரிஞ்சுதானா பிரிக்கச் சொன்னீங்க?”

“தெரிஞ்சுதான். இவங்க துணியை நனைக்காம இருந்திருந்தா, பக்கத்துல இருந்த என் சரக்கும் எரிஞ்சிருக்கும். தண்ணியால கெட்டதுன்னு எழுதுங்க. என் பங்கை நான் தர்றேன்.”