கிளைவ் போட்ட கையெழுத்து

"இட்டோஹான், டீ."

லாகோஸ் பாட்டில் ஃபேக்டரியில் மூன்று வருஷமாக கிளைவ் எனக்குக் கொடுத்த வேலை அது ஒன்றுதான். வெளிநாட்டு எஞ்சினியர் இங்கே வேலை பார்த்தால், உள்ளூர் ஆள் ஒருவருக்குத் தொழிலைக் கற்றுத்தர வேண்டும் என்பது சட்டம். அந்த ஆள் நான். ஆனால் மிஷினைத் திறக்கும்போதெல்லாம் கிளைவ் என்னை வெளியே விரட்டிவிடுவான்.

வேலை தெரியும் என்று ஒரு சர்டிபிகேட் கேட்டேன்.

"எதுக்கு, டீ போட்டதுக்கா?" என்று சிரித்தான்.

போன மாதம் குடியேற்ற அதிகாரியம்மா வந்தார். "புது விதி, சார். இந்தப் பொண்ணு என் கண்ணு முன்னால மிஷினை ஓட்டணும். தெரியலைன்னா உங்க பர்மிட்டைப் புதுப்பிக்க மாட்டோம்."

அடுத்த பத்து நாள் அவனே எனக்கு டீ வாங்கி வந்தான். ஒரு திருகாணி விடாமல் சொல்லிக்கொடுத்தான்.

இன்று அதிகாரி முன்னால் ஓட்டிக் காட்டினேன். 'என் அளவுக்கு வேலை தெரியும்' என்று கிளைவ் எழுதிக் கையெழுத்துப் போட்டான். ஒரு பிரதியை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

"அப்ப என் பர்மிட்?"

"தெரியலைன்னா புதுப்பிக்க மாட்டோம்னேன். தெரிஞ்சா புதுப்பிப்போம்னு சொன்னேனா? இவளே பார்த்துக்குவா, நீங்க கிளம்புங்க." அதிகாரி என் பக்கம் திரும்பினார். "இனி இவரோட நாற்காலி உனக்குத்தான்."

"வேண்டாம், மேடம். இவரோட நாட்டுல எனக்கு வேலை கிடைச்சிருக்கு. தொழில் தெரியும்னு யாராவது எழுதிக் கொடுத்தாத்தான் விசாவாம், அங்கயும் அப்படியொரு விதி. இந்தக் காகிதத்துக்குத்தான் மூணு வருஷமா டீ போட்டேன்."