ஒற்றை நட்சத்திரம்

“எவன்னு தெரிஞ்சா போதும், உண்டு இல்லைன்னு பண்ணிடுவேன்!” பீட்சா கடைக்காரர் கைப்பேசியை மேஜைமேல் எறிந்தார்.

தினமும் நள்ளிரவில் இணையத்தில் கடையைப் பற்றிப் புதுப் புதுப் பெயரில் ஒரு விமர்சனம், ஒற்றை நட்சத்திரத்தோடு: ‘எல்லாம் கருகல். இந்தப் பக்கமே போகாதீங்க.’ ஆறே மாதத்தில் கடை காற்றாடியது.

“விடுங்க தம்பி, எவனோ வயித்தெரிச்சல் பிடிச்சவன்,” என்றார் மூலை மேஜை டாக்சிக்காரர். தினமும் வருபவர், ஓரத் துண்டைக்கூட மிச்சம் வைக்கமாட்டார்.

“இனி விட என்ன இருக்கு? நாளையிலேருந்து கடையே கிடையாதுண்ணே.”

மென்றுகொண்டிருந்த வாய் அப்படியே நின்றது.

“ஐயோ, மூடிடாதீங்க! நான்தான் தம்பி எழுதினேன். கூட்டம் வந்துட்டா இந்த மேஜை எனக்குக் கிடைக்காதேன்னு...”

கடைக்காரர் கத்தவில்லை. உள்ளே போய் ஒரு பலகையை எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தார்.

‘கடை வாடகைக்கு.’

“இதை எழுதினதும் நீங்கதாண்ணே.”