சாயம் வெளுத்தது

"வாங்கி ஒரு வாரம்கூட ஆகல, அதுக்குள்ள மறுபடியும் என் க்ரீம் டப்பா காலி! எல்லாம் உங்க தங்கச்சி எப்சி வேலைதான்!"

பெருங்களத்தூர் கிளினிக்குக்குள் நுழைந்த பிறகும் பியூலா ஓயவில்லை. கால் வீங்கிப்போயிருந்த கணவன் ஜெஃப்ரி மெல்ல நடந்து பின்னால் வந்தான்.

பரிசோதனை ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர் நேராகவே கேட்டார். "கிட்னியைப் பாதரசம் பதம் பார்த்திருக்கு சார். சிவப்பழகு க்ரீம் ஏதாவது பூசுவீங்களா? சிலதுல அதைக் கலக்குறாங்க. நிறுத்தினா சரியாயிடும்."

பியூலா குபீரென்று சிரித்தாள். "இவரா? பவுடர் போடச் சொன்னாலே 'நான் என்ன பொம்பளையா'ன்னு கேக்குறவர் டாக்டர்!"

ஜெஃப்ரி தலையைச் சொறிந்தான். "நீ தூங்கின பிறகு, தினமும் கொஞ்சம்..."

"அட மனுஷா! பாவம், எப்சியைப் போய்த் திட்டினேனே! எனக்குன்னு ஒரு துளி மிச்சம் வச்சீங்களா?"

"அதனாலதான் பியூலா, உன் கிட்னி தப்பிச்சுது!"