காதில் விழாதவரை

போன் மறுபடியும் அடித்தது.

அவன் எடுக்கவில்லை.

திரையில் ஊரிலிருக்கும் குருசாமி அண்ணன் பெயர். கல்யாணம், காதுகுத்து என்றால் பத்திரிகையைப் படம் பிடித்து அனுப்பிவிட்டுச் சும்மா இருந்துவிடுவார். சாவுச் செய்திக்கு மட்டும்தான் போன் போடுவார். அதுவும் எடுக்கும்வரை விடமாட்டார்.

அவனுக்குத் தெரிந்துவிட்டது.

பெரியப்பா.

அவன் நின்றிருந்தது மலேசியாவில், ஒரு மலையுச்சியில், கேசினோ விடுதியின் மொட்டைமாடியில். பெயின்ட் கம்பெனி தன் டீலர்களைக் குடும்பத்தோடு கூட்டி வந்திருந்தது. மற்ற டீலர்கள் கீழே சூதாட்ட மேசைகளை மொய்த்துக்கொண்டிருந்தார்கள். அவனுக்கு அதில் நாட்டமில்லை. இந்த மாடியிலிருந்து எதிர்க் கட்டடத்து மாடிக்கு ஒரு கம்பி போகிறது. நடுவில் பள்ளமும் மேகமும். அதில் தொங்கிக்கொண்டு போக வேண்டும். விளம்பரப் படத்தைப் பார்த்த நாளிலிருந்து அதே கிறுக்கு. கடையில் டப்பா எடுத்துக் கொடுக்கும்போதுகூட அதே நினைப்பு.

பெல்ட் மாட்டிவிட்டவள் உள்ளூர்த் தமிழ்ப் பெண்.

"ஹேண்ட்போன இங்க வெச்சிடுங்கண்ணே. கொண்டு போகக் கூடாது."

அவன் கையில் அது அடித்துக்கொண்டே இருந்தது.

"யாரோ விடாம கூப்புடுறாங்களே. பேசிட்டு வாங்க, நான் நிக்கிறேன்."

"கம்பெனிக்காரங்க. அவங்களுக்கு வேற வேலையில்ல," என்றான்.

சொல்லும்போது நாக்குக் கூசவில்லை.

அவள் போனைப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டினாள். அவனுக்கு முன்னால் இன்னும் சிலர் இருந்தார்கள்.

காதில் விழாதவரை தீட்டில்லை. பெரியப்பா சொன்னதுதான். இவன் கல்யாணத்தன்று பங்காளி வீட்டுச் சாவுச் செய்தியோடு ஒரு ஆள் மண்டபத்துக்குள் நுழைந்தபோது, வந்த ஆளைத் தரதரவென்று பந்திக்கு இழுத்துப்போய், இலை முன்னால் உட்காரவைத்து, வாயில் லட்டைத் திணித்தவர் அவர். தாலி ஏறிய பிறகுதான் அந்த வாயைத் திறக்கவிட்டார். ஊரே சொல்லிச் சொல்லிச் சிரித்தது.

அது அடுத்தவன் நல்லதுக்காகச் செய்தது.

இது?

பெரியப்பாவுக்குப் பிள்ளையில்லை. கொள்ளி வைக்க வேண்டியவன் இவன்தான். "போயிட்டு வாடா, நான் எங்க ஓடிடப் போறேன்" என்று படுத்த படுக்கையிலிருந்து அனுப்பிவைத்ததும் அவர்தான். இனி இவன் போய்ச் சேரும்வரை ஐஸ் பெட்டியில் கிடப்பார். எடுக்கும்வரை அந்தத் தெருவில் அடுப்பு எரியாது. சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் யாராவது பக்கத்துத் தெருவிலிருந்து இட்லி வாங்கி வருவார்கள்.

எல்லாம் தெரியும்.

போனை எடுத்தால் இந்த நிமிடமே கிளம்ப வேண்டும். ஒரு தடவை போய் வந்துவிட்டு எடுத்தால் என்ன, கொஞ்ச நேரம்தானே. செத்தவருக்கு என்ன அவசரம்?

அப்படி நினைத்ததும் நெஞ்சு சுருக்கென்றது. ஆனாலும் வரிசையை விட்டு நகரவில்லை.

பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமா? அவனுக்கு இருண்டால் போதும். கொஞ்ச நேரத்துக்கு.

கதவு திறந்தது.

காலுக்குக் கீழே தரை இல்லை.

கத்தினான். முதலில் பயத்தில்தான். பிறகு பயம் போன இடம் தெரியவில்லை. கத்தல் மட்டும் நிற்கவில்லை. மேகம் முகத்தில் ஈரமாக அப்பியது. தொட்டிலில் கிடக்கும் பிள்ளைபோல் காலை உதைத்துக்கொண்டு சிரித்தான். இத்தனை வயதில் அவன் அப்படிச் சிரித்ததே இல்லை.

பெரியப்பா நினைவுக்கு வரவே இல்லை.

எதிர் மாடி நெருங்கியபோதுதான் வந்தார். இப்போதாவது அழுகை வரும் என்று பார்த்தான். வரவில்லை. இன்னொரு தடவை போகலாமா என்றுதான் வந்தது.

தன்னை நினைத்து அவனுக்கே அருவருப்பாக இருந்தது.

பெல்ட்டைக் கழற்றிவிட்டார்கள். நிமிர்ந்தான். தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் செண்பகம் நின்றிருந்தாள். உயரம் என்றாலே தலைசுற்றும் என்று அறையிலேயே இருந்துவிட்ட மனைவி. சேலை மாற்றியிருந்தாள். இந்தக் குளிரில் தலைக்கு ஊற்றியிருந்தாள். கூந்தலிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

கையில் அவனுக்கும் ஒரு துண்டு.

"பெரிய மாமா போயிட்டாங்க," என்றாள். "நீங்க எடுக்கலன்னு எனக்குப் போன் பண்ணாங்க. நீங்க கம்பியில ஏறுறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும். ஆள் விட்டுக் கூப்பிட்டிருக்கலாம். இவ்வளவு ஆசையா போயிருக்கீங்களே, இறங்கி வந்ததும் சொல்லிக்குவோம்னு இருந்துட்டேன்."

குரல் உடைந்தது.

"அப்பா மாதிரி வளர்த்தவரு. உங்ககிட்டப் போய் மறைச்சுட்டேனே. அந்தப் பாவம் என்னோட போகட்டும். நீங்க என்னை மன்னிச்சிடுங்க."

'எனக்கும் தெரியும்.' இரண்டே வார்த்தைதான். சொன்னால் அவள் அழுகை நின்றுவிடும். பாவம் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரும்.

அவன் வாயைத் திறந்தான்.

"எப்ப?" என்று கேட்டான்.

அதிர்ச்சியில் விழுந்துவிடுவானோ என்று பயந்து, செண்பகம் அவனை இறுகப் பிடித்துக்கொண்டாள்.